விண்மீனில் சோடியம் எவ்வளவு? சமநிலைக் கணக்கு பிசகும் இடம்

மயில் விண்மீன் குழாமின் திசையில், ஏறத்தாழ 13,000 ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட என்ஜிசி 6752 என்ற கோளக் கொத்து இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு சைமன் கேம்ப்பெல் தலைமையிலான குழு நேச்சர் இதழில் இக்கொத்தைப் பற்றி ஒரு துணிச்சலான முடிவை வெளியிட்டது. மையத்து ஹீலியம் தீர்ந்தபின் இரண்டாம் முறையாக ஊதிப் பெருக்கும் முதிய கட்டத்தில் அவர்கள் ஆராய்ந்த 20 விண்மீன்களும் சோடியம் குறைந்தவை என்றும், ஆகவே கொத்தில் 70 விழுக்காடாக உள்ள சோடியம் மிகுந்த விண்மீன்கள் அந்தக் கட்டத்தை எட்டாமலே தம் வாழ்வை முடிக்கின்றன என்றும் அது கூறியது. 2016-இல் இன்னொரு குழு அதே விண்மீன்களின் நிறமாலையை மேலும் நுணுக்கமாக எடுத்துப் பார்த்தது. அவற்றில் சோடியம் மிகுந்தவையும் உள்ளன, மிக உச்ச அளவு சோடியம் கொண்டவை மட்டுமே காணப்படவில்லை என்பது அதன் முடிவு.

ஒரே விண்மீன்களின் ஒளியைப் படித்த இரு குழுக்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தால் வாசகர் குழம்புவது இயல்பே. தொலைநோக்கியில் கோளாறு ஏதுமில்லை. குழப்பத்தின் வேர், விண்மீனின் சோடியம் நேராக அளக்கப்படுவதில்லை என்பதில் இருக்கிறது. அளக்கப்படுவது ஒளியில் தெரியும் ஒரு கருங்கோடு; அந்தக் கோட்டிலிருந்து அணுக்களின் எண்ணிக்கைக்குப் போகும் வழியில் 'சமநிலை' என்ற ஓர் அனுமானம் குறுக்கே நிற்கிறது. அது பொய்க்கும்போது எண் மாறுகிறது. ஒவ்வொரு வகை விண்மீனிலும் ஒவ்வோர் அளவு மாறுகிறது என்பதே இதில் உண்மையான தொல்லை.

கோடு எங்கிருந்து வருகிறது

உப்புப் போட்ட கஞ்சி பொங்கி கேஸ் அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைக் காணாதவர் இல்லை. அந்த மஞ்சள் சோடியத்தின் ஒளி. 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரு அலைநீளங்களில் அது ஒளிர்கிறது. அதே இரு இடங்களில் சூரிய ஒளியில் கருங்கோடுகள் இருப்பதை ஃபிரான்ஹோஃபர் 1814-இல் குறித்து, அவற்றுக்கு 'டி' என்ற எழுத்தைச் சூட்டினார். சுடரின் மஞ்சளும் சூரியனின் கருமையும் ஒரே அணுவின் வேலை என்பதை 1859-இல் கிர்க்காஃப் நிறுவினார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தபோது, டி கோடுகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் கோடு ஒளிர்ந்தது. அது சோடியம் அன்று, ஹீலியம் என்பது பின்னாளில் உறுதியான தனிக்கதை.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். அவற்றில் 10 உள்கூடுகளில் இறுக்கமாக அமர்ந்திருக்க, ஒன்று மட்டும் வெளிக்கூட்டில் தனித்து நிற்கிறது. அந்த ஒற்றை எலக்ட்ரானை அடுத்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்ற 2.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். அணுவைவிட்டே துரத்த 5.14 எலக்ட்ரான் வோல்ட் போதும். விண்மீனின் ஆழத்திலிருந்து வரும் ஒளியில் 2.1 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஃபோட்டான்களை மேலடுக்கில் உள்ள சோடியம் உறிஞ்சிக்கொள்வதால் டி கோடுகள் தோன்றுகின்றன. ஏற்கெனவே மேலேறி நிற்கும் எலக்ட்ரான் இன்னும் மேலே தாவும்போது 568, 615–616, 818–819 நானோமீட்டர் பகுதிகளில் வேறு மூன்று இணைக்கோடுகள் பிறக்கின்றன. இவை டி கோடுகளைவிட மெலிந்தவை. இந்த வலிமை வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

கோட்டிலிருந்து எண்ணிக்கைக்கு

ஒரு கருங்கோடு ஒளியிலிருந்து எவ்வளவைத் தின்றிருக்கிறது என்பதைச் 'சமான அகலம்' என்ற அளவால் குறிப்பார்கள். கோட்டின் வளைந்த பள்ளத்தை, அதே பரப்புள்ள முழுக்கருப்பான ஒரு செவ்வகமாக மாற்றினால் அந்தச் செவ்வகத்துக்கு வரும் அகலமே அது. இதை நிறமாலையிலிருந்து நேரே படித்துவிடலாம். சமான அகலத்திலிருந்து சோடியத்தின் மொத்த எண்ணிக்கைக்குப் போக மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்:

1. மொத்தச் சோடியத்தில் எலக்ட்ரானை இழக்காத நடுநிலை அணுக்கள் எத்தனை? இழந்துவிட்ட அயனிகள் இந்தக் கோடுகளைத் தருவதில்லை. இதற்கான சமன்பாட்டை 1920-இல் கல்கத்தாவிலிருந்த மேகநாத் சாகா வெளியிட்டார். அதைக் கையிலெடுத்துத்தான் செசிலியா பெய்ன் 1925-இல் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டினார்.

2. அந்த நடுநிலை அணுக்கள் எந்தெந்த ஆற்றல் மட்டத்தில் எத்தனை? இதற்குப் போல்ட்ஸ்மன் விதி.

3. அந்த இடத்து வாயு தானாக எவ்வளவு ஒளியை உமிழ்கிறது? இதற்குப் பிளாங்க் விதி.

மூன்று விதிகளுக்கும் தேவைப்படும் முதன்மையான எண் வெப்பநிலை. முதல் விதிக்கு மட்டும் எலக்ட்ரான் அழுத்தமும் வேண்டும். சூரியனின் ஒளிமண்டலத்தின், அதாவது நமக்குத் தெரியும் மேற்பரப்பின், வெப்பநிலையான 5,770 கெல்வினைப் போட்டுப் பார்த்தால், சோடியத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுதான் நடுநிலையில் இருக்கிறது. அப்படி அடிமட்டத்தில் உள்ள 100 அணுக்களுக்கு முதல் மேல்மட்டத்தில் ஏறக்குறைய 4 இருக்கின்றன. இப்படி, சுற்றியுள்ள ஒளி எப்படியிருந்தாலும் அந்தந்த இடத்து வெப்பநிலையும் அழுத்தமுமே அணுக்களின் நிலையை முடிவுசெய்கின்றன என்று கொள்வதுதான் 'இடஞ்சார் வெப்ப இயக்கச் சமநிலை'. இக்கட்டுரையில் இனி அது 'இடச்சமநிலை'.

விடையை மடக்கை அளவில் சொல்வது வழக்கம். ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு எத்தனை சோடியம் என்பதன் மடக்கையே அந்த எண். சூரியனுக்கு அது 6.2-ஐ ஒட்டியது, அதாவது ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 17 லட்சம் சோடியம். இந்த அளவுகோலின் ஓர் அலகை 'டெக்ஸ்' என்பார்கள். 0.1 டெக்ஸ் என்றால் 26 விழுக்காடு வேறுபாடு, 0.3 என்றால் இரு மடங்கு, 0.5 என்றால் மும்மடங்குக்குச் சற்று மேல். தாளில் சிறிதாகத் தெரியும் இந்தப் புள்ளிகளை வாசகர் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பநிலை என்ற ஒற்றை எண் போதாத இடங்கள்

இடச்சமநிலை எங்கே நிற்கும், எங்கே உடையும் என்பதற்கு இரண்டு தெருவிளக்குகளே சாட்சி. எல்இடி வருவதற்கு முன் நம் சாலைகளில் எரிந்த ஆரஞ்சு நிற உயரழுத்தச் சோடியம் விளக்கில் வாயு நெருக்கமாக இருக்கிறது. துகள்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் எலக்ட்ரான், அணு, ஒளி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையைப் பேசுகின்றன. பழைய சிடி தகட்டைச் சாய்த்துப் பிடித்து அந்த விளக்கின் ஒளியைப் பார்த்தால், மஞ்சளின் நடுவே ஒரு கரும்பட்டை தெரியும். உள்ளிருந்து வரும் மஞ்சளை வெளியோரத்துக் குளிர்ந்த சோடியம் ஆவி விழுங்குவதால் வருவது அது. சூரியனின் டி கோடுகள் பிறக்கும் விதத்தின் சிறு மாதிரி. தாழழுத்தச் சோடியம் விளக்கின் கதை வேறு. அதன் குழாய்ச் சுவர் 260 டிகிரி செல்சியஸை ஒட்டியே சுடுகிறது. உள்ளே ஓடும் எலக்ட்ரான்களோ பல ஆயிரம் டிகிரிக்கு உரிய வேகத்தில் திரிகின்றன. அதன் வெப்பநிலை என்ன என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. அத்தகைய வாயுவில் சாகா, போல்ட்ஸ்மன், பிளாங்க் விதிகளுக்குள் ஒரே எண்ணைப் போடுவது பொருளற்றது.

விண்மீனின் மேலடுக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. சூரிய ஒளிமண்டலத்தின் அடர்த்தி நாம் மூச்சிழுக்கும் காற்றின் அடர்த்தியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. மேல்மட்டத்துக்கு ஏறிய சோடியம் அணு ஒளியை உமிழ்ந்து கீழிறங்க ஒரு நொடியின் நூறு கோடியில் 16 பங்கு நேரம் போதும். அதற்குள் வேறொரு துகள் வந்து மோதினால்தான் அணுவின் ஆற்றல் வாயுவின் வெப்பத்தோடு கலக்கும். மோதல் பிந்தினால் அணுவின் நிலையை ஒளியே முடிவுசெய்கிறது; அந்த ஒளி அங்கே பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை, கீழே சூடான அடுக்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இடச்சமநிலை தளரும் சூழ்நிலைகள் மூன்று:

1. ஊதிப் பெருத்து ஈர்ப்பு குறைந்த பெருவிண்மீன்கள். இவற்றின் மேற்பரப்பு ஈர்ப்பு சூரியனுடையதைவிட நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குக்கு மேலும் குறைவு. வாயு மெலிந்து கிடப்பதால் மோதல்கள் அரிது.

2. உலோகம் குறைந்த பழைய விண்மீன்கள். வானியலில் ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாத் தனிமங்களும் 'உலோகம்' தான். குளிர்ந்த மேலடுக்கில் கட்டற்ற எலக்ட்ரான்களைக் கொடுப்பவை மக்னீசியம், சிலிக்கான், இரும்பு போன்றவை. அவை இல்லையேல் மோதுவதற்கு எலக்ட்ரானும் குறைவு, புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்துவதற்கு அணுக்களும் குறைவு.

3. வலிமையான கோடுகள். இவை மிக உயரத்தில், மெலிந்த அடுக்கில் உருவாகின்றன.

சூரியனே கொடுக்கும் வாக்குமூலம்

கோட்பாட்டை நம்பத் தயங்குவோருக்கு ஓர் எளிய சோதனை. சூரிய வட்டின் நடுவில் 589 நானோமீட்டர் அருகே வரும் தொடர் ஒளி ஏறத்தாழ 6,300 கெல்வினுக்கு உரியது. சூரிய ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள மிகக் குளிர்ந்த அடுக்கு 4,200 கெல்வின் அளவில் இருக்கிறது. இடச்சமநிலை உண்மையானால், கோட்டின் நடுவில் எஞ்சும் ஒளி அந்த மிகக் குளிர்ந்த அடுக்கின் பிளாங்க் ஒளிக்குக் கீழே போக முடியாது. இரண்டு வெப்பநிலைகளையும் பிளாங்க் விதியில் போட்டு வகுத்தால் தொடர் ஒளியின் 14 விழுக்காடாவது எஞ்ச வேண்டும் என்று வருகிறது. உண்மையில் டி கோடுகளின் அடியில் எஞ்சுவது 5 விழுக்காட்டை ஒட்டித்தான். அவ்வளவு குளிர்ந்த வாயு சூரியனின் அந்தப் பகுதியில் எங்குமே இல்லை. ஆகவே கோட்டின் கருமை குளிர்ச்சியைக் காட்டவில்லை. ஒளி தப்பிப் போய்விட்டதைக் காட்டுகிறது.

சோடியத்துக்குள் நடப்பது

தப்பிப் போவது எப்படி? மேலடுக்கில் ஒரு சோடியம் அணு உறிஞ்சி மீண்டும் உமிழும் ஃபோட்டான் விண்வெளிக்குப் போய்விட்டால் அது திரும்பி வருவதில்லை. உள்ளே மீண்டும் உறிஞ்சப்படக் கிடைக்கும் ஒளி குறைகிறது; மேல்மட்டத்தில் நிற்கும் அணுக்களும் குறைகின்றன. அந்த இடத்தில் கோட்டின் அலைநீளத்தில் வாயு உமிழும் ஒளி பிளாங்க் அளவுக்குக் கீழே சரிகிறது. கோடு கருக்கிறது.

இதோடு நிற்பதில்லை. கீழ்மட்டங்களில் ஃபோட்டான்கள் தொடர்ந்து கசிவதால், மேல்மட்டங்களிலிருந்து எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. காலியாகும் உயர்மட்டங்களை நிரப்ப அயனிகள் எலக்ட்ரான்களைப் பிடித்து நடுநிலை அணுக்களாகின்றன. 1992-இல் புரூல்ஸ், ரட்டன், ஷ்சுகினா ஆகியோர் சூரியனின் கார உலோகக் கோடுகளை ஆராய்ந்து விளக்கிய இந்த இறைப்பை 'ஃபோட்டான் உறிஞ்சல்' என்கிறார்கள். ஆயிரத்தில் 999 பங்கு அயனியாகக் கிடக்கும்போது அயனிக் கூட்டம் ஒரு பெரிய ஏரி, நடுநிலைச் சோடியம் அதன் மதகிலிருந்து ஓடும் சிறு வாய்க்கால். மதகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் ஏரியின் மட்டம் இறங்கியது தெரியாது; வாய்க்கால் கரைபுரளும்.

ஆக, சமநிலைக் கணக்கு எதிர்பார்ப்பதைவிட நடுநிலைச் சோடியம் கூடுதல், அதன் கோடுகள் வலிமையானவை. இது தெரியாமல் சாகா–போல்ட்ஸ்மன் வழியில் போகிறவர் அந்தக் கூடுதல் வலிமைக்குக் காரணம் கூடுதல் சோடியம் என்று எண்ணிவிடுகிறார். சோடியத்தில் இடச்சமநிலைக் கணக்கு பொதுவாக மிகையாகவே சொல்லும்; திருத்தம் பெரும்பாலும் கழித்தலாகவே வரும்.

இரும்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. கீழிருந்து வரும் புற ஊதாக் கதிர் நடுநிலை இரும்பைச் சமநிலை அனுமதிப்பதைவிடக் கூடுதலாக அயனியாக்கிவிடுவதால் இரும்பின் நடுநிலைக் கோடுகள் மெலிகின்றன. அவற்றை நம்பியவர் இரும்பைக் குறைத்து மதிப்பிடுகிறார். ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவதோ சோடியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம். தொகுதி மிகை, பகுதி குறை என்றால் விகிதம் இருமுறை வீங்கும். ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டுவைத்த அட்டவணைகளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

நீலம் போட்ட வேட்டி

வேட்டிக்கு நீலம் போடுபவருக்குத் தெரியும்: தெளிந்த நீரில் முதல் சில சொட்டுகள் நிறத்தைச் சட்டென்று மாற்றும், நீர் கருநீலமான பிறகு இன்னும் பத்துச் சொட்டு விட்டாலும் வேறுபாடு கண்ணுக்குப் படாது. நிறமாலைக் கோடும் அப்படியே. மெலிந்த நிலையில் அணுக்கள் இரட்டித்தால் சமான அகலமும் இரட்டிக்கும். கோட்டின் நடுப்பகுதி நிறைவுற்றபின் அணுக்கள் இரட்டித்தாலும் சமான அகலம் சிறிதே கூடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஆபத்து புரியும். நிறைவுற்ற கோட்டில், சமநிலை உடைவதால் வரும் சிறு வலிமைக் கூடுதலை அணுக்களின் எண்ணிக்கையாக மொழிபெயர்த்தால் அது மும்மடங்காக வந்து நிற்கக்கூடும். காரின் லிண்டும் உடனாய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட விரிவான கணக்கீட்டில் மெலிந்த கோடுகளுக்கு வழக்கமான திருத்தம் −0.1 முதல் −0.2 டெக்ஸ்; நிறைவுற்ற கோடுகளில் இடச்சமநிலை 0.5 டெக்ஸுக்கும் மேலாக மிகைப்படுத்தக்கூடும். ஆகவே முடிந்தவரை 615–616, 568 நானோமீட்டர் கோடுகளைக் கொண்டு சோடியத்தை அளப்பதே நல்லது. உலோகம் மிகக் குறைந்த விண்மீன்களில் அந்த மெலிந்த கோடுகள் மறைந்து டி கோடுகள் மட்டுமே மிஞ்சும். தப்பான சாட்சி ஒருவரைத் தவிர வேறு சாட்சி இல்லாத வழக்கு அது.

டி கோடுகளுக்கு வேறு இரு தொல்லைகளும் உண்டு. விண்மீனிடை வெளியில் உள்ள சோடியமும் இதே அலைநீளத்தில் தன் கோட்டைப் பதிக்கிறது. இதை மேரி லீ ஹெகர் 1919-இல் கண்டறிந்தார். நம் தலைக்கு மேல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சோடியம் படலமும் நகரத்து விளக்குகளும் மஞ்சள் ஒளியைச் சேர்க்கின்றன. விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ வேகமாக நகர்ந்தால் அதன் கோடு தள்ளிப்போய் இவை பிரிந்து தெரியும். நகராவிட்டால் பிரிப்பது கடினம்.

சமநிலையைக் கைவிட்டபின் என்ன செய்வது

வெப்பநிலையைப் போட்டதும் விடை தரும் மூன்று விதிகளை விட்டால், அணுக்களின் ஒவ்வொரு போக்குவரத்தையும் கணக்கெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1. முதலில் ஒரு 'மாதிரி அணு' கட்டப்படுகிறது. சோடியத்தின் ஆற்றல் மட்டங்கள், அவற்றுக்கிடையே ஒளியால் நடக்கும் தாவல்கள், மோதலால் நடக்கும் தாவல்கள், அயனியாகும் வழிகள், மீளும் வழிகள் எல்லாம் அதில் இடம்பெறும்.

2. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு நொடியில் வந்து சேரும் அணுக்களும் விட்டுப் போகும் அணுக்களும் சமம் என்று சமன்பாடு எழுதப்படுகிறது. இதைப் 'புள்ளியியல் சமநிலை' என்பார்கள். வரவும் செலவும் சமமாக இருக்கும், ஆனால் அந்தச் சமம் வெப்பநிலையின் ஆணையால் வந்ததன்று.

3. வரவு செலவைக் கணக்கிட ஒளியின் அளவு தெரிய வேண்டும். ஒளியின் அளவைக் கணக்கிட எந்த மட்டத்தில் எத்தனை அணு என்பது தெரிய வேண்டும். விதை முந்தியா மரம் முந்தியா என்ற இந்தச் சிக்கலை, ஓர் உத்தேச விடையில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, எண்கள் அசையாமல் நிற்கும்வரை கணினி தீர்க்கிறது.

4. கிடைத்த மட்ட எண்ணிக்கையைச் சமநிலை தந்திருக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் 'விலகல் கெழு' கிடைக்கும். அது 1 என்றால் பழைய கணக்கே சரி.

இந்தப் பட்டியலில் நெடுங்காலம் வலுவற்றதாக இருந்தது ஹைட்ரஜன் மோதல். குளிர்ந்த விண்மீனில் எலக்ட்ரான்களைவிட ஹைட்ரஜன் அணுக்கள் பல்லாயிரம் மடங்கு மிகுதி. அவை சோடியத்தின் மீது மோதி எவ்வளவு ஆற்றலை மாற்றுகின்றன என்பது தெரியாமலே பல பத்தாண்டுகள் ஓடின. டிராவின் என்பவரின் தோராயச் சூத்திரத்தை 1984-இல் ஸ்டீன்பாக்கும் ஹோல்வெகரும் விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். அதன் முன்னால் ஒரு பெருக்கெண்ணை வைத்து, கவனிப்போடு ஒத்துவரும்வரை அதைத் திருகிக்கொள்வது வழக்கமாயிற்று. இயற்பியல் தெரியாத இடத்தில் வைத்த ஒட்டுத்துணி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 2010-இல் பார்க்லெமும் உடனாய்வாளர்களும் சோடியம்–ஹைட்ரஜன் மோதலுக்கான குவாண்டம் கணக்கீட்டுத் தரவுகளை வெளியிட்டபின் அந்தப் பெருக்கெண்ணுக்குச் சோடியத்தில் வேலை இல்லாமற் போனது. மோதி மேலேற்றும் வினையின் விளைவு புறக்கணிக்கத்தக்கது. எலக்ட்ரான் கைமாறும் வினைக்குச் சிறிய, ஆனால் விடமுடியாத பங்கு உண்டு. அந்த வினையில் கிளர்ந்த சோடியம் தன் எலக்ட்ரானை ஹைட்ரஜனுக்குக் கொடுக்க, சோடியம் அயனியும் எதிர்மின் ஹைட்ரஜன் அயனியும் உண்டாகின்றன. இந்த எதிர்மின் அயனி வானியலுக்குப் புதியதன்று: சூரியனின் தொடர் ஒளியை வடிவமைப்பது அதுவே என்று 1939-இல் வில்ட் முன்மொழிந்தார்; அது எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்பதை 1940-களில் சுப்ரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டார்.

இந்த ஆய்வின் ஓர் ஆறுதல், மோதல் தரவுகளில் எஞ்சியுள்ள ஐயங்கள் சோடியத்தின் இறுதி விடையைப் பெரிதாக அசைப்பதில்லை என்பது. இனி மீதமிருக்கும் பெரும் ஐயம் வளிமண்டல மாதிரியில் இருக்கிறது. விண்மீனின் மேற்பரப்பு கொதிக்கும் பாகைப்போல் மேலும் கீழும் புரள்வது. பெரும்பாலான கணக்குகள் அதை வெங்காயத் தோல்போல் அமைதியான அடுக்குகளாகவே கொள்கின்றன. முப்பரிமாணப் புரளலையும் சமநிலை மீறலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதலாவதை மட்டும் சேர்த்து இடச்சமநிலையைத் தக்கவைத்தால் சில நேரம் பழைய கணக்கைவிட மோசமான விடை வரும். இதற்கு ஆகும் கணினி நேரமே தடை. நடுவழியாக, விலகல் கெழுக்களை முன்கூட்டியே அட்டவணையாக்கி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். விண்மீன்களின் நிறமாலைகளைத் திரட்டும் ஆஸ்திரேலியாவின் காலா கணக்கெடுப்புக்காக 2020-இல் சோடியம் உட்பட 13 தனிமங்களுக்கு அப்படி அட்டவணை தயாராகி, 5.88 லட்சம் விண்மீன்கள் கொண்ட அதன் மூன்றாம் வெளியீட்டில் பயன்பட்டது.

எண் மாறினால் வரலாறு மாறும்

எல்லா விண்மீனிலும் பிழை ஒரே அளவாக இருந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு மறந்துவிடலாம். பிழையின் அளவு விண்மீனுக்கு விண்மீன் வேறுபடுவதால், இல்லாத போக்குகளை அது வரைந்து காட்டுகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சூரியனின் இரும்பில் ஆயிரத்தில் சில பங்கோ அதனினும் குறைவாகவோ கொண்ட பழைய விண்மீன்கள். முதல் தலைமுறைச் சூப்பர்நோவாக்கள் எதை வாரியிறைத்தன என்பதற்கு இவையே ஆவணம். சோடியம் பெருமளவு நிறை மிகுந்த விண்மீன்களின் உள்ளே கார்பன் எரியும் கட்டத்தில் உருவாகிறது. உருவாகும் அளவு அந்த விண்மீன் பிறந்தபோதே கொண்டிருந்த உலோகத்தைப் பொறுத்தது. ஆகவே இரும்பு குறையக் குறையச் சோடியம்–இரும்பு விகிதம் எப்படிப் போகிறது என்பது முக்கியமான கேள்வி. டி கோடுகளை இடச்சமநிலையில் படித்தபோது விகிதம் சரிந்துகொண்டே போவதாகத் தெரிந்தது; பெருவிண்மீன்களும் இன்னும் ஊதாத குறுவிண்மீன்களும் வேறு வேறு விடை தந்தன. 2007-இல் அந்திரியெவ்ஸ்கி குழு சமநிலையைக் கைவிட்டு மறுகணக்கிட்டது. சரிவு பெரும்பாலும் மறைந்தது, இருவகை விண்மீன்களும் ஒத்துப்போயின, விகிதம் −0.2 டெக்ஸை ஒட்டி ஏறத்தாழ மாறாமல் நின்றது. காரணம் எளிது. இரும்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கான விண்மீனில் டி கோடுகள் மெலிந்திருப்பதால் திருத்தம் சிறிது. ஆயிரத்தில் சில பங்கு உள்ளதில் அவை நிறைவுற்றிருப்பதால் திருத்தம் பெரிது. அந்த வேறுபாடே சரிவாகத் தெரிந்தது. அதைப் பிரபஞ்சத்தின் வேதி வரலாறாகப் படித்திருந்தால் நடக்காத ஒன்றை விளக்கிக்கொண்டிருப்போம்.

கோளக் கொத்துகளில் நிலைமை வேறு. ஒரே கொத்தில் சோடியம் கூடிய விண்மீன்களில் ஆக்சிஜன் குறைந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. சில கோடி கெல்வின் வெப்பத்தில் நியான் புரோட்டானைப் பிடித்துச் சோடியமாகும் சுழற்சியின் தடயம் அது. இந்த வேறுபாடு திருத்தத்தைவிடப் பெரிது. ஒரே வெப்பநிலையும் ஈர்ப்பும் உள்ள விண்மீன்களுக்கிடையிலும் அது தெரிகிறது. 2001-இல் கிராட்டன் குழு இன்னும் ஊதத் தொடங்காத குறுவிண்மீன்களிலும் அதைக் கண்டது. எனவே சமநிலை மீறல் இந்த எதிரிணைப்பை அழிப்பதில்லை. சோடியம் கூடிய விண்மீனில் கோடு வலிமையாக, திருத்தமும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் வீச்சை மட்டும் கொஞ்சம் குறைக்கிறது. எல்லாப் புதிருக்கும் சமநிலை மீறலையே மருந்தாகச் சொல்வோர்க்கு இது நினைவிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன என்ஜிசி 6752 வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அங்கே ஒப்பிடப்பட்டவை முதன்முறை ஊதிய பெருவிண்மீன்களும் இரண்டாம் முறை ஊதியவையும். வெப்பநிலையும் ஈர்ப்பும் வேறானவை. இரண்டாம் வகையில் நடுநிலை இரும்பின் கோடுகள் அயனி இரும்பின் கோடுகளைவிடக் குறைவான இரும்பைக் காட்டின. 2016 குழு இதைச் சமநிலை மீறலைப் போன்ற ஒரு விளைவாகக் கொண்டு, நடுநிலைச் சோடியத்தை நடுநிலை இரும்போடு ஒப்பிட்டது. சோடியம் குறைவு பெருமளவு சமனாயிற்று. 2017-இல் கேம்ப்பெல் குழு திரும்பி வந்து, விண்மீன்களின் வெப்பநிலையை மேம்பட்ட முறையில் நிர்ணயித்தால் அந்த இரும்பு முரண்பாடே மறைந்துவிடுகிறது என்று காட்டியது. அதாவது, சமநிலை மீறல் என்று தோன்றியது வெப்பநிலைப் பிழையாகவும் இருக்கலாம். சோடியமும் நடுநிலை இரும்பும் வெப்பநிலைக்கு ஒரே திசையில் அசைவதால் இரண்டு நோய்களுக்கும் அறிகுறி ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறிய, மெலிந்த கோடும் வலிமையான கோடும் ஒரே விண்மீனில் ஒரே விடை தருகின்றனவா என்று பார்ப்பது ஒரு வழி: வெப்பநிலைப் பிழை இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்த்தும், சமநிலை மீறல் வலிமையானதை மிகக் கூடுதலாக நகர்த்தும்.

இச்சிக்கல் விண்மீனோடு நிற்கவில்லை. 2002-இல் சார்பனோவும் உடனாய்வாளர்களும் எச்டி 209458 என்ற விண்மீனைச் சுற்றும் கோள் அதன் முன்னால் கடக்கும்போது சோடியம் கோட்டில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 2 பங்கு கூடுதல் மங்கலை ஹபிள் தொலைநோக்கியால் கண்டார்கள். வேற்றுக் கோளொன்றின் வளிமண்டலத்தில் முதன்முதலாக ஒரு பொருளைக் கண்டறிந்த செய்தி அது. 2020-இல் உயர் பிரிதிறன் நிறமாலைகளைக் கொண்டு இதை ஆராய்ந்த கசசயாஸ்-பாரிஸ் குழு, அவற்றில் தெரியும் சோடியம் தடயம் கோளுடையதாகத் தோன்றவில்லை என்றது. விண்மீன் வட்டின் நடுவிலும் ஓரத்திலும் டி கோட்டின் வடிவம் வேறு. விண்மீன் சுழலவும் செய்கிறது. கோள் வட்டின் குறுக்கே நகர்ந்து அதன் வெவ்வேறு பகுதிகளை மறைக்கும்போது அந்த வேறுபாடுகளே கோளின் சோடியம்போலத் தோன்றக்கூடும். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகக் கணிக்க டி கோட்டை இடச்சமநிலை இல்லாமல், முப்பரிமாண வளிமண்டலத்தில் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விண்மீனில், அதாவது வட்டின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே பார்க்க முடிகிற சூரியனில், அதை இப்போது சரிபார்த்து வருகிறார்கள்.